உங்களுக்குத் தெரியுமா? – ஒரு நாற்பது பக்க நோட்டும் பதின்மூன்று வீடியோ கேம்களும்

கடந்த வருடம் ஜனவரி முதல் தேதி ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். எந்த வீடியோ கேம் ஆடினாலும் அதில் மூன்று கட்டம் நிரப்புவது என்று முடிவு: கேமின் பெயர், எத்தனை மணி நேரம், யாரோடு. டிசம்பர் 31 இரவு புரட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு மாதத்தில் பதின்மூன்று கேம்கள். ஒவ்வொன்றையும் யார் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்று தேடிப் படித்ததையும் பக்க ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தேன். அந்த ஓரக் குறிப்புகள்தான் இவை.

● கணினி கேம்களை விற்கும் மிகப் பெரிய இணையக் கடை ஸ்டீம். வருடக் கடைசியில் ஒவ்வொருவருக்கும் அவர் ஆடிய கணக்கைத் தொகுத்துக் கொடுக்கிறது. 2024-ல் ஸ்டீமில் ஆடியவர்களை எல்லாம் எண்ணிக்கைப்படி வரிசையாக நிறுத்தினால், நடுவில் நிற்பவர் ஆடியது 4 கேம்கள்தான். மொத்த ஆட்ட நேரத்தில் 15 சதவீதம் மட்டுமே அந்த வருடம் புதிதாக வெளியானவற்றுக்குப் போனது. மீதியெல்லாம் பழைய கேம்களுக்கு! என் நோட்டும் அப்படித்தான் இருக்கிறது.

ஜனவரி: டெட்ரிஸ்

● டெட்ரிஸ் பிறந்தது மாஸ்கோவில், 1984-ல். சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ் எழுதினார். அவரிடம் இருந்த எலெக்ட்ரோனிகா 60 கணினியில் படம் வரைய வசதியே கிடையாது. எழுத்துகள் மட்டும்தான் தெரியும். அதனால் கட்டங்களை அடைப்புக்குறிகளைக் கொண்டே வரைந்தார். உலகம் முழுக்க ஆடிய ஆட்டத்தின் முதல் வடிவம் வெறும் அடைப்புக்குறிகள்தான்.

● கிரேக்கத்தில் 'டெட்ரா' என்றால் நான்கு. பஜித்னோவுக்குப் பிடித்த விளையாட்டு டென்னிஸ். இரண்டையும் சேர்த்தால் டெட்ரிஸ். நான்கு சதுரங்களை ஒட்டி உருவாக்கக்கூடிய வடிவங்கள் மொத்தம் ஏழு. அந்த ஏழும்தான் மேலிருந்து விழுகின்றன.

● பல வருடம் பஜித்னோவுக்கு இந்த கேமிலிருந்து உரிமைத் தொகை வரவில்லை. உரிமை சோவியத் அரசிடம் இருந்தது. 1996-ல் நண்பர் ஹெங்க் ரோஜர்ஸுடன் சேர்ந்து தனி நிறுவனம் தொடங்கிய பிறகே அவர் கைக்குப் பணம் வந்தது.

● இந்த கேம் விண்வெளிக்கும் போயிருக்கிறது. 1993-ல் ரஷ்ய விண்வெளி வீரர் அலெக்சாண்டர் செரெப்ரோவ், மிர் நிலையத்துக்குத் தன் கேம் பாய் கையடக்கக் கருவியையும் டெட்ரிஸையும் எடுத்துச் சென்றார்.

● நிண்டெண்டோவின் என்.இ.எஸ். கன்சோலில் டெட்ரிஸ் வெளியானது 1989-ல். இனிமேல் ஓடாமல் கேமே உறைந்து நிற்கும் இடம்வரை அதை ஒரு மனிதர் ஆடிச் சென்றது 34 வருடம் கழித்து, 2023 டிசம்பரில். சாதித்தவர் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன்.

● இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில், சாலை விபத்தில் சிக்கி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினரைச் சில மணி நேரத்துக்குள் டெட்ரிஸ் ஆட வைத்துப் பார்த்தார்கள். அடுத்த ஒரு வாரத்தில், விபத்துக் காட்சி கண்முன் திடீரென்று வந்து நிற்பது அவர்களுக்குக் குறைவாக இருந்தது. 2017-ல் இந்த ஆய்வு வெளியானது. காட்சியைப் பதிய வைக்கும் மூளையின் வேலையில் விழும் கட்டங்கள் குறுக்கிடுகின்றன என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

பிப்ரவரி: ஸ்டார்டியூ வேலி

● தாத்தா விட்டுப்போன பண்ணைக்கு நகரத்திலிருந்து திரும்பும் ஒருவரின் கதை. படம், இசை, கதை, நிரல் எல்லாமே ஒரே ஆள் செய்தது: எரிக் பரோன். சுமார் நாலரை வருடம் உழைத்தார். அந்தக் காலத்தில் செலவுக்காக அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஒரு அரங்கத்தில், வருகிறவர்களுக்கு இருக்கை காட்டும் வேலை பார்த்தார்.

● 2016 பிப்ரவரி 26 அன்று வெளியானது. 2024 முடிவதற்குள் 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டது. வாங்கியவர்களிடம் மறுபடி காசு கேட்காமல், எட்டு வருடம் கழித்து 2024 மார்ச்சில்கூடப் பெரிய இலவசச் சேர்க்கை ஒன்றைக் கொடுத்தார்.

● ஒரு பருவம் 28 நாள், நான்கு பருவம் சேர்ந்தால் ஒரு வருடம். பருவம் மாறிய காலையில் முந்தைய பருவத்துப் பயிர் பட்டுப்போகும். அறுவடைக்கு எத்தனை நாள் ஆகும் என்று எண்ணிப் பார்த்துத்தான் விதைக்க வேண்டும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். "பட்டம் தப்பினா நட்டம்தாம்பா" என்றார். நிஜ வயலில் நாற்பது வருடம் நின்றவருக்கு விதி விளக்க வேண்டியிருக்கவில்லை.

● இதற்கு முன்னோடி 1996-ல் ஜப்பானில் வெளியான 'ஹார்வெஸ்ட் மூன்'. சண்டையும் எதிரியும் இல்லாமல் உழவை மட்டுமே வைத்து கேம் செய்யலாம் என்று காட்டியது அது. அதை ஆடி வளர்ந்த பரோன், தனக்குப் பிடித்த மாதிரி ஒன்றைத் தானே செய்தார்.

மார்ச்: செலஸ்ட்

● ஒரு பெண் ஒரு மலை ஏறுகிறாள், கதை அவ்வளவுதான். 2018 ஜனவரியில் வெளியான இதன் முதல் வடிவத்தை மேடி தோர்சன், நோயல் பெரி என்ற இருவர் நான்கே நாளில் செய்தார்கள். அந்தச் சிறிய வடிவம் பெரிய கேமுக்குள்ளேயே ஒரு மூலையில் ஒளிந்திருக்கிறது. தேடிப் போனால் ஆடலாம்.

● செலஸ்ட் என்ற பெயரில் நிஜமாகவே ஒரு மலை உண்டு. கனடாவின் வான்கூவர் தீவில் இருக்கிறது.

● விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் போன பிறகும், கண்ணிமைக்கும் நேரத்துக்கு கேம் உங்களைத் தாவ அனுமதிக்கும். 'கொயோட்டி டைம்' என்று கேம் செய்பவர்கள் இதைச் சொல்வார்கள். பாறை முடிந்தது தெரியாமல் அந்தரத்தில் ஓடும், கொயோட்டி என்ற ஓநாய் போன்ற கார்ட்டூன் விலங்கிடமிருந்து வந்த பெயர். சரியான நேரத்தில் தாவினோம் என்று நாம் பெருமைப்படும் பல இடங்களில், கேம் நமக்குக் கை கொடுத்திருக்கும்.

● கடினமான கேம்தான். ஆனால் வேகத்தைக் குறைக்கவும், விழுந்தாலும் சாகாமல் இருக்கவும் ஓர் உதவி முறை உள்ளே உண்டு. அதைப் போட்டு ஆடினால் கேலி செய்யாது, பரிசையும் குறைக்காது.

● இப்படி உதவுவதில் இன்னும் தூரம் போன கேமும் உண்டு. 2020-ல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' கேமில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்புகள் மட்டும் 60-க்கு மேல். ஒலியையும் கன்ட்ரோலரின் அதிர்வையும் வைத்தே பார்வையற்றவர்கள் அதை ஆடி முடித்திருக்கிறார்கள்.

ஏப்ரல்: வெண்பா

● தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை வைத்தே ஒரு கேம் வந்திருக்கிறது. பெயர் வெண்பா. கனடாவின் டொரன்டோ நகரில் உள்ள 'விசை கேம்ஸ்' செய்தது. 2023 ஜூலை 31 அன்று வெளியானது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின் ஆகிய மூவரின் கதை.

● அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. விடுபட்ட படிகளை நாம்தான் ஊகிக்க வேண்டும். முதல் புதிரே இட்லி. சித்திரை முதல் நாள் நான் திணறுவதைப் பார்த்த அம்மா, "தட்டை மாத்தி மாத்தி அடுக்குடா. குழிக்கு மேல குழி வந்தா இட்லி நசுங்கிடும்" என்றார். கேம் கேட்ட பதிலும் அதேதான். அறுபத்தெட்டு வயதில் அம்மா வாழ்க்கையில் தீர்த்த முதல் வீடியோ கேம் புதிர் அது.

● வெவ்வேறு வருடங்களில் நடக்கும் அத்தியாயங்கள். அடுப்பு பற்ற வைக்கும்போது ரேடியோவில் பாட்டு வரும். அந்தந்தக் காலத்துத் தமிழ்த் திரையிசையின் சாயலில், கேமுக்கென்றே புதிதாகப் போட்ட பாட்டுகள்.

● 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா, சிறந்த அறிமுக கேம் விருதை வெண்பாவுக்குக் கொடுத்தது. தனிக் குழுக்கள் செய்யும் கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் தலைமைப் பரிசும் அதே வருடம் வெண்பாவுக்கே. ஆடி முடிக்க ஒன்றரை மணி நேரம் போதும்.

மே: மைன்கிராஃப்ட்

● கோடை விடுமுறைக்கு அக்கா மகன் வந்துவிட்டதால் மே முழுக்க மைன்கிராஃப்ட். ஸ்வீடனைச் சேர்ந்த மார்கஸ் பெர்சன் 2009 மே மாதம் முதல் வடிவத்தை வெளியிட்டார். 2014-ல் மைக்ரோசாஃப்ட் அவருடைய மொஜாங் நிறுவனத்தை 250 கோடி டாலருக்கு வாங்கியது. 2023-ல் விற்பனை 30 கோடிப் பிரதிகளைத் தாண்டியது.

● ஓசைப்படாமல் பின்னால் வந்து வெடிக்கும் பச்சை நிறக் க்ரீப்பர், ஒரு பன்றியாக இருந்திருக்க வேண்டியது. பன்றியைச் செய்யும்போது நீளத்துக்கும் உயரத்துக்கும் உரிய எண்களைப் பெர்சன் இடம் மாற்றிப் போட்டுவிட்டார். நெட்டையாக ஏதோ ஒன்று எழுந்து நின்றது. அதை அழிக்காமல் பச்சை நிறம் பூசி வைத்துக்கொண்டார்.

● மைன்கிராஃப்டில் ஒரு கட்டை ஒரு மீட்டர். ஒரு நாள் 20 நிமிடம். உலகத்தின் ஓர் எல்லையிலிருந்து எதிர் எல்லைக்கு 6 கோடிக் கட்டைகள், அதாவது 60,000 கிலோமீட்டர். பூமியைப் பூமத்திய ரேகையில் சுற்றி வந்தால்கூட 40,000 கிலோமீட்டர்தான்.

● இந்த கேமுக்குள் ஒரு நூலகம் இருக்கிறது. பத்திரிகைச் சுதந்திரத்துக்காகப் போராடும் 'எல்லைகளற்ற செய்தியாளர்கள்' அமைப்பு 2020 மார்ச்சில் திறந்தது. சொந்த நாட்டில் தடைசெய்யப்பட்ட கட்டுரைகள் அங்கே புத்தகங்களாக அடுக்கியிருக்கின்றன. செய்தித் தளத்தை முடக்கும் அரசுகள் பிள்ளைகள் ஆடும் கேமை முடக்கவில்லை; அந்த வழியாகக் கட்டுரைகள் வாசகரிடம் போகின்றன.

● ஐ.நா.வின் வாழ்விட அமைப்பு 2012-லிருந்து மைன்கிராஃப்டை ஊர் அமைக்கும் கருவியாகவும் பயன்படுத்துகிறது. கென்யாவின் நைரோபி நகரில் கிபேரா குடிசைப் பகுதி மக்கள், தங்கள் மைதானம் எப்படி இருக்க வேண்டும் என்று கேமுக்குள் கட்டிக் காட்டினார்கள். வரைபடம் படிக்கத் தெரியாதவர்களும் கட்டை அடுக்கிப் பேச முடிந்தது.

ஜூன்: ஸ்நேக், பாக்-மேன்

● பீரோவில் கிடந்த பழைய நோக்கியா போனுக்கு அப்பா சார்ஜ் போட்டார். உயிர் வந்தது, பாம்பும் வந்தது! 1997-ல் நோக்கியா 6110 போனுக்காக இந்த ஸ்நேக் கேமை எழுதியவர் பின்லாந்தின் தனேலி அர்மான்டோ. அந்த போனில் அகச்சிவப்புக் கதிர் வழியாக இரண்டு பேர் சேர்ந்தும் ஆடலாம். வளர்ந்துகொண்டே போகும் கோடு என்ற யோசனை இன்னும் பழையது. 1976-ல் வந்த 'பிளாக்கேட்' கேமில் தொடங்கியது.

● அந்தப் பாம்போடு தமிழ்நாட்டுக்கும் ஓர் உறவு உண்டு. சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூரில் 2006-லிருந்து 2014 வரை நோக்கியா தொழிற்சாலை ஓடியது.

● 1980-ல் ஜப்பானின் நாம்கோ நிறுவனத்தில் தோரு இவதானி பாக்-மேனைச் செய்தார். சுட்டுத் தள்ளும் கேம்கள் நிறைந்த கூடங்களுக்குப் பெண்கள் வருவதில்லை என்பதைக் கவனித்து, சாப்பிடுவதையே விளையாட்டாக்கினார். ஒரு துண்டு எடுத்த பீட்சாவும், வாய் என்று பொருள்படும் ஜப்பானிய எழுத்தும் அந்த மஞ்சள் உருவத்துக்கு மூலம். 'பாக்கு பாக்கு' என்பது ஜப்பானியர் வாயைத் திறந்து மூடிச் சாப்பிடுவதற்குச் சொல்லும் ஒலிக்குறிப்பு.

● துரத்தும் பேய்கள் நான்கும் ஒரே மாதிரி துரத்துவதில்லை. சிவப்பு, நம் இடத்தையே குறிவைத்து வரும். இளஞ்சிவப்பு, நமக்கு நான்கு கட்டம் முன்னால் போய் மறிக்கும். நீலம், சிவப்பு நிற்கும் இடத்தையும் சேர்த்துக் கணக்குப் போடும். ஆரஞ்சு, எட்டுக் கட்டத்துக்குள் நெருங்கினால் திரும்பித் தன் மூலைக்கு ஓடும். நான்கு சின்ன விதிகள்தான். நமக்கோ நால்வரும் பேசி வைத்துக்கொண்டு வளைப்பதுபோல் தோன்றுகிறது.

● பாக்-மேனில் 256-வது லெவலுக்கு வந்தால் திரையின் வலப் பாதி எழுத்தும் குப்பையுமாகச் சிதறிவிடும். லெவல் எண்ணுக்கு ஒதுக்கிய இடத்தில் 255 வரைதான் எண்ண முடியும் என்பதே காரணம்.

ஜூலை: ராஜி

● புனே நகரின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020-ல் வெளியிட்டது 'ராஜி: அன் ஏன்ஷியன்ட் எபிக்'. தம்பி கோலுவைத் தூக்கிப்போன அசுரனைத் தேடிப் போகும் கழைக்கூத்துப் பெண் ராஜி. கதையைச் சொல்பவர்கள் துர்க்கையும் விஷ்ணுவும்.

● முதலில் மக்களிடம் நிதி திரட்டப் பார்த்தார்கள், இலக்கை எட்டவில்லை. அப்படியும் கைவிடாமல் முடித்தார்கள். ராஜஸ்தான் கோட்டைகளின் சாயலில் கட்டடங்கள், பஹாரி ஓவியப் பாணியில் நிறங்கள், கதைக் காட்சிகளுக்குத் தோல்பாவை நிழலாட்டம். என் நோட்டில் இதற்கு எழுதிய வரி: 'தூணையும் சுவரையும் பார்க்கவே நடந்தேன்.'

ஆகஸ்ட்: ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2

● கல்லூரிக் காலத்தில் பிரவுசிங் சென்டரில் மணிக்குக் காசு கொடுத்து ஆடிய கேம். பழைய நண்பர்கள் நாலு பேர் நாலு ஊரிலிருந்து ஞாயிறு இரவுகளில் ஒன்றுசேர்ந்தோம். 1999-ல் வெளியான இது இன்றும் புதிய சேர்க்கைகள் பெற்றுவருகிறது.

● 2022 ஏப்ரலில் வந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' சேர்க்கையில் திராவிடர் என்றொரு நாகரிகம் உண்டு. அவர்களின் தனிப் படை சுருள்வாள் வீசும் உருமி வீரர்கள். தனிக் கப்பலின் பெயர் திரிசடை. ராஜேந்திர சோழனின் வாழ்க்கை ஒரு முழுக் கதைத் தொடராக வருகிறது.

● கேமில் திராவிடருக்குக் குதிரைப்படை பலவீனம். கப்பலும் காலாட்படையும் பலம். வரலாற்றோடு இது பொருந்துகிறது. தமிழ் மன்னர்கள் குதிரைகளைக் கடல் கடந்து வரவழைத்தார்கள். ராஜேந்திரனோ 1025 வாக்கில் கடல் தாண்டிக் கடாரம்வரை படை அனுப்பினான்.

செப்டம்பர்: ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்

● 1807. காணாமல்போன ஒரு கப்பல் ஆளில்லாமல் கரைக்கு வருகிறது. அதில் போன 60 பேரும் யார், என்ன ஆனார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டிய கிழக்கிந்தியக் கம்பெனி ஆய்வாளர் நாம். லூகாஸ் போப் கிட்டத்தட்டத் தனியாளாகச் செய்து 2018-ல் வெளியிட்டார்.

● படம் முழுக்க இரண்டே நிறம். பழைய மாக்கின்டோஷ் கணினித் திரையின் பாணி. வெள்ளைப் புள்ளியும் கருப்புப் புள்ளியும் மட்டும் வைத்துப் புயலையும் முகத்தையும் வரைந்திருக்கிறார்.

● நம் பதில் சரியா என்று ஒவ்வொன்றாகச் சொல்லாது. மூன்று பேரின் முடிவைச் சரியாகக் கண்டுபிடித்தால்தான் மூன்றையும் சேர்த்து உறுதிசெய்யும். குருட்டாம்போக்கில் ஊகித்துத் தப்பிப்பதைத் தடுக்க இந்த ஏற்பாடு. உச்சரிப்பையும் உடையையும் வைத்து என் மனைவி கண்டுபிடித்தது 22 பேர். நோட்டில் 'யாரோடு' கட்டத்தில் அவர் பெயரை முதலில் எழுதினேன்.

அக்டோபர்: ஃப்ளோரன்ஸ்

● செல்போனில் நாற்பது நிமிடத்தில் முடியும் ஒரு காதல் கதை. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் உள்ள மவுன்டன்ஸ் குழு 2018 காதலர் தினத்தன்று வெளியிட்டது. ஃப்ளோரன்ஸ் என்ற பெண்ணும், செல்லோ வாசிக்கும் கிரிஷ் என்ற இந்திய வம்சாவளி இளைஞனும்.

● முதல் சந்திப்பில் அவள் ஒரு வாக்கியம் பேச நாம் பல துண்டுகளைப் பொருத்த வேண்டும். பழகப் பழகத் துண்டுகள் குறைந்துகொண்டே வரும், பேச்சு எளிதாகிவிட்டது. சண்டையில் துண்டுகளுக்கு முனை கூராகிவிடும், பொருத்துவதும் வேகமாக நடக்கும். இருவருக்குள் நடக்கும் இந்தப் பேச்சு எழுத்தில் இல்லை. விரல் அசைவிலேயே புரிகிறது.

நவம்பர்: சூப்பர் மரியோ பிரதர்ஸ்

● மரியோவின் மீசைக்குக் காரணம் இடப் பற்றாக்குறை. 1981-ல் 'டாங்கி காங்' கேமுக்காக ஷிகெரு மியாமோட்டோ அவரை வரைந்தபோது கிடைத்தவை சில புள்ளிகளே. வாய் வரைய முடியாததால் மீசை. தலைமுடி பறப்பதைக் காட்ட முடியாததால் தொப்பி. கை வீசுவது தெரிய வேண்டும் என்பதால் சட்டைக்கு மேல் வேறு நிறத்தில் உடை.

● அப்போது அவருக்குப் பெயர் 'ஜம்ப்மேன்'. நிண்டெண்டோவின் அமெரிக்கக் கிடங்குக்குச் சொந்தக்காரர் மரியோ செகாலி. அவர் பெயரைத்தான் பிறகு வைத்தார்கள்.

● 1985-ல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் மொத்தமும் 40 கிலோபைட். இன்று செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் அதைப்போலப் பல மடங்கு பெரியது. இடத்தை மிச்சப்படுத்த மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தைப் பயன்படுத்தினார்கள். வெள்ளை பூசினால் மேகம், பச்சை பூசினால் புதர்.

● கோஜி கோண்டோ போட்ட அந்த மரியோ இசை, 2023-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுத் தொகுப்பில் சேர்க்கப்பட்டது. வீடியோ கேம் இசை ஒன்று அங்கே நுழைந்தது அதுதான் முதல் முறை.

டிசம்பர்: அவுட்டர் வைல்ட்ஸ்

● அலெக்ஸ் பீச்சம் என்ற மாணவர் தன் பல்கலைக்கழக ஆய்வுத் திட்டமாகத் தொடங்கியது, 2019-ல் முழு கேமாக வெளியானது. ஒரு சின்ன சூரியக் குடும்பம், ஒரு மர விண்கப்பல், நாம். 22 நிமிடத்தில் சூரியன் வெடிக்கும். மறுபடி அதே காலையில் கண் விழிப்போம்.

● இதில் ஆயுதம் வாங்க முடியாது, பலம் கூட்ட முடியாது. ஒவ்வொரு முறையும் எல்லாம் அழிந்தாலும் அழியாமல் நிற்பது ஒன்றே: கப்பலில் இருக்கும் குறிப்பேடு. தெரிந்துகொண்டது மட்டும்தான் நம் சொத்து. நாற்பது பக்க நோட்டோடு வருடம் முழுக்க நடந்தவனுக்கு, வருடத்தின் கடைசி கேமாக இது அமைந்ததில் மனம் நிறைந்தது.

● நிஜ உலகிலும் கேம்கள் அழிகின்றன. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-ல் கணக்கெடுத்துச் சொன்னது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012-ல் பாக்-மேன், டெட்ரிஸ் உள்ளிட்ட 14 கேம்களைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. மற்றவற்றைக் காப்பது ஆடியவர்களின் நினைவுதான்.

கணக்கு முடிக்கும்போது…

● இரண்டாவது கட்டத்தைக் கூட்டினேன். அதிக நேரம் ஸ்டார்டியூ வேலிக்கு: 64 மணி. மிகக் குறைந்த நேரம் ஃப்ளோரன்ஸுக்கு: 40 நிமிடம். ஆனால் நான் அதிக வரிகள் எழுதியிருந்தது, அம்மாவோடு ஒன்றரை மணி நேரம் ஆடிய வெண்பாவுக்கு. மூன்றாவது கட்டத்தில் ஒரு பெயர் இருந்த கேம்கள் ஒவ்வொன்றும், எந்த அறையில், எந்தப் பேச்சோடு ஆடினோம் என்பதுவரை நினைவில் இருக்கின்றன. 'தனியாக' என்று எழுதியவற்றில் நினைவில் நிற்பவை இரண்டு: செலஸ்ட் மலையின் உச்சியும், வெடித்த அந்தச் சூரியனும்.

● வீட்டில் பிள்ளைகள் கேம் ஆடினால் "எத்தனை மணி நேரம்?" என்றுதான் முதலில் கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்விதான். நேரத்துக்கு அளவு வேண்டும். அதோடு இன்னும் இரண்டு கேளுங்கள்: "என்ன ஆடுறே? எனக்கும் சொல்லிக் கொடுக்கிறியா?" பத்து நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். இந்த வருடம் நீங்களும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். மூன்று கட்டம் போதும். மூன்றாவது கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிடாதீர்கள்.